வாயை மூடிப் படித்த புத்தகம்

"ஒரு வீட்டுல ஒரு அதிசயந்தான் நடக்கும், பாத்துக்கோ. ரெண்டாவது நடக்காது."

வாப்பா இதை என்னிடம் சொன்னபோது அவர் கையில் தோல் வெட்டும் கத்தி இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதல் அதிசயம் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பதினோராம் வகுப்புத் தேறியவளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. தாராவியில் எங்கள் சந்திலிருந்து அந்த வருடம் அந்தப் பரீட்சை எழுதிய பெண் நான் ஒருத்தி மட்டுமே. நடக்காது என்று வாப்பா சொன்ன இரண்டாவது அதிசயம் என் தங்கச்சி.

அவளுக்கு அப்போது பத்து வயது. எங்கள் இருவருக்கும் இடையில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அவள் எனக்குத் தங்கச்சி பாதி, பிள்ளை பாதி. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடமும் தேறாவிட்டால் நிறுத்திவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கீழே வாப்பாவின் கார்கானா. அங்கே தோல் பைகள் தைத்தார்கள். மேலே ஒரே அறையில் நாங்கள். பைகளின் உள்துணிக்கு சொல்யூஷன் தடவி ஒட்டுவது உம்மாவின் வேலை. நிறுத்தினால் தங்கச்சி அந்த வேலையில் உம்மாவுக்கு அடுத்து உட்கார வேண்டியதுதான். சொல்யூஷன் வாசனை விரலில் ஏறினால் ஆயுசுக்கும் இறங்காது. உம்மாவின் கையிலிருந்து சோறு வாங்கித் தின்று வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது தெரியும்.

அவள் மக்கு இல்லை. அதுதான் எனக்குப் புரியாத விஷயம். ஒன்பது வயதில் குர்ஆன் ஓதி முடித்தவள். அன்று வாப்பா சந்து முழுக்க இனிப்புக் கொடுத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் மாஹிமிலிருந்தெல்லாம் வந்து அவள் ஓதுவதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. எழுத்துகள் சேர்ந்து வார்த்தையும் ஆயின. ஆனால் வார்த்தைகள் சேர்ந்து எதுவும் ஆகவில்லை. "என்னளா படிச்சே?" என்று கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து சத்தமாகச் சொல்வாள். என்ன படித்தாய் என்பதற்கு அதுதான் பதில் என்று உண்மையாகவே நினைத்தாள்.

நான் அப்போது மாட்டுங்காவில் ஒரு தமிழ் வாடகை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு துணிக்கடையின் பின்கட்டில் இரண்டு அறைகள். மாலை நான்கு மணிக்குத் திறந்து ஏழரைக்கு மூடுவோம். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர் ஒருவர் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நடத்தியது. புத்தகங்களுக்கு அட்டை போடுவது, எண் எழுதி ஒட்டுவது, யார் எதை எடுத்துப்போனார்கள் என்று பதிவது, இவைதான் என் வேலை. பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகங்களுக்கு அங்கே அடிதடி. மாமிகள் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள்.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு நாள் முதலாளி என்னைச் செம்பூருக்கு அனுப்பினார். நூலகத்தின் பழைய அங்கத்தினர் குடும்பம் ஒன்று அங்கே புது பிளாட்டுக்குக் குடிபோயிருந்தது. வேண்டாத புத்தகங்களைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போய் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த வீட்டு மாமி ஒரு தகரப் பெட்டியை வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் கொழந்தேள் புஸ்தகம்டி அம்மா. மெட்ராஸ்லேந்து எங்கண்ணா அனுப்பிச்சது. எங்காத்துல ரெண்டும் இதைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லே. இங்கிலீஷ், இல்லாட்டா ஹிந்தி. தமிழ்ல அவா பேரை எழுதச் சொன்னாலே பேந்தப் பேந்த முழிக்கறதுகள்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேலே இருந்த ஒன்றை எடுத்தேன். படப் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அது படப் புத்தகம் இல்லை. பெரியவர்கள் படிக்கிற கதைப் புத்தகமும் இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அறுபது பக்கம் இருக்கும். எழுத்துகள் பெரிதாக, வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் விட்டு அச்சடித்திருந்தார்கள். பத்து அத்தியாயங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு தலைப்பு, தலைப்புக்கு மேல் பேனாவால் வரைந்த ஒரு சின்னப் படம். ஓர் அத்தியாயம் ஐந்து பக்கம், மிஞ்சினால் ஆறு.

முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் பிள்ளை ஆறு வாத்துகளைக் குளத்துக்கு ஓட்டிப் போகிறாள். சாயங்காலம் திரும்பி வரும்போது ஏழு இருக்கின்றன. யாருடைய வாத்து இந்த ஏழாவது? அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு.

நூலகத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து மீதியையும் படித்து முடித்தேன். பத்தொன்பது வயதில், தடிமன் தடிமனான நாவல்களுக்கு அட்டை போடுகிற வேலையில் இருந்துகொண்டு, வாத்துக் கதை படித்தேன். படித்துவிட்டு இரண்டாம் முறை எடுத்து, இதை எழுதிய ஆள் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தேன். அவர் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துக்கொண்டுதான் எழுதியிருக்க வேண்டும். பிள்ளைக்கு எங்கே களைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சரியாக அந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்திருந்தார். ஆனால் களைத்த பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடியாதபடி, கடைசி வரியில் ஒரு கதவைத் திறந்து விட்டிருந்தார். 'ஓடத்துறை' என்று ஒரு புது வார்த்தை வந்தால், அதை அதே பக்கத்தில் இன்னொரு வாக்கியத்திலும் அடுத்த பக்கத்தில் மூன்றாவது வாக்கியத்திலும் வைத்திருந்தார். முதல் தடவை புரியாதவளுக்கு மூன்றாம் தடவை அது பழகிய முகமாகிவிடும். விளக்கம் எதுவும் இல்லை. பாடம் நடத்துகிற குரலும் இல்லை. இவ்வளவு எளிமையாக எழுதுவதற்கு எவ்வளவு அடித்துத் திருத்தியிருப்பார் என்று யோசித்தபோது, பெரிய நாவல்களின் மேல் எனக்கிருந்த மரியாதை கொஞ்சம் இடம் மாறியது.

எனக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை. பாடப் புத்தகத்திலிருந்து நேராக முந்நூறு பக்க நாவலுக்குத் தாவினேன். பதினைந்து வயதில் அதை முடிக்க நான்கு மாதம் ஆனது. இரண்டுக்கும் நடுவே யாரோ படிக்கட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதே அன்றுதான் தெரிந்தது. பெட்டியில் மொத்தம் பதினொரு படி.

முதலாளி ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதை யாரு எடுப்பா? நம்ம மெம்பர்கள் ஆத்துக் கொழந்தேள்ளாம் கான்வென்ட்டுன்னா போறது."

"என் தங்கச்சி எடுப்பா சார்."

"எடுத்துண்டு போயேன். இங்க கரையான்தான் படிக்கும்."

அன்று ராத்திரி வாத்துப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனேன். தங்கச்சியை உட்கார வைத்து முதல் அத்தியாயத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். பிறகு புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, "தெனமும் படி. இதுதான் உனக்குப் பாடம்" என்றேன். இதுதான் நான் செய்த தப்பு. அது தப்பென்று தெரிய எட்டு நாளாயிற்று.

தினமும் சாயங்காலம் அவள் படித்தாள் என்று உம்மா சொன்னாள். எட்டாம் நாள் என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்தபடி, கணீரென்று ஐந்து பக்கமும் படித்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. கீழே போய் வாப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் பின்னால் கார்கானாவில் தைக்கிற இரண்டு பேரும் ஏணியில் பாதி ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். தங்கச்சி மறுபடி படித்தாள். வாப்பா முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"நல்லாத்தான் படிக்கா. எங்க, அடுத்த பக்கத்தப் படிளா."

பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் அத்தியாயம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூன்று எழுத்தைக் கூட்டினாள், நின்றாள். பிறகு அவள் செய்ததுதான் என்னைக் கொன்றது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், கண்ணை மூடிக்கொண்டு, ஆறு வாத்துகளிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ஏணியில் நின்ற ஒருவர் சிரித்தார். வாப்பா திரும்பிப் பார்த்ததும் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

"மனப்பாடம் வருது. படிப்பு வரல" என்றார் வாப்பா. கோபமாகச் சொல்லவில்லை, தோலில் ஓட்டை இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "அது அவ குத்தம் இல்ல. பரீட்சை வரைக்கும் போவட்டும். பொறவு உம்மாகூட இருக்கட்டும்."

அன்று தங்கச்சியைத் திட்டினேன். மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். ஏனென்றால் அவள் செய்தது என்னவென்று அப்போது புரிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் ஓதக் கற்கும்போது, இன்றைய பாடம் ஒரு பிசகில்லாமல் வரும்வரை நாளைய பாடத்துக்குப் போக மாட்டார்கள். தடுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லாம் வாய்விட்டுத்தான். இறைவனின் வார்த்தைக்கு அது உரிய முறை, அதில் ஒரு எழுத்தும் பிசகக் கூடாது. என் தங்கச்சி அந்த மரியாதையை ஒரு வாத்துக்கும் கொடுத்துவிட்டாள். நானும்தான் அதற்குப் 'பாடம்' என்று பெயர் வைத்துக் கொடுத்திருந்தேன்.

அந்த மாலை ஒரு மாமி அலமாரிக்கு முன்னால் நின்றபடியே ஒரு புத்தகத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் இருக்கும். உதடு அசையவில்லை. நடுவில் ஒரு தடவை தனக்குள்ளே புன்னகைத்தார். நூலகத்தில் தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றுதான் தோன்றியது, இந்தக் காட்சியை எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை. நான்கூட வீட்டில் பரீட்சைக்குச் சந்தே கேட்கிறபடி கத்திப் படித்தவள்தான். சத்தம் நின்றால் உம்மா அடுப்படியிலிருந்து, "என்னளா, தூங்கிட்டியா?" என்பாள். எங்கள் வீட்டில் படிப்பு என்பது காதால் அறியப்படுகிற ஒன்று.

வாயை மூடிப் படி என்று தங்கச்சிக்கு உத்தரவு போட்டுப் பார்த்தேன். உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். உத்தரவுக்கு வருகிற காரியமில்லை அது. அதனால் புத்தகத்தையே நம்புவது என்று முடிவு செய்தேன். அவளிடம் சொன்னேன்: "இது பாடம் இல்ல. ஒரு தரம் படிச்ச அத்தியாயத்த ரெண்டாம் தரம் தொடக் கூடாது. ஒப்பிக்கவும் கூடாது."

"தப்பாப் படிச்சா?"

"தப்போட போ."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் மார்க்கத்துக்கு விரோதமாக ஏதோ சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

அவளுக்குக் காலைப் பள்ளிக்கூடம். மதியம் சாப்பிட்டு, மூன்று மணிக்கு நான் கிளம்புவதற்கு முன் நேரம் இருக்கும். மறுநாள் மதியம் இரண்டாம் அத்தியாயத்தை நான் வாசித்தேன். அந்தப் பெண் ஏழாவது வாத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் யாருடையது என்று கேட்கிறாள். அதற்கு மறுநாள் மூன்றாவது. ஓடத்துறையில் ஓடக்காரன், "அது என் வாத்து!" என்று பொய் சொல்லிப் பிடுங்கி ஓடத்தில் போட்டுக்கொள்கிறான். ஓடம் கிளம்பிவிட்டது. பெண் கரையில் நிற்கிறாள். வாத்து எழுந்து, கழுத்தை நீட்டி, ஓடக்காரனின் முதுகுப் பக்கமாக ஒரு அடி வைத்தது. அத்தியாயம் முடிந்தது.

"பொறவு?" என்றாள் தங்கச்சி.

"எனக்கு நேரமாச்சு."

"ராத்தா! ஒரே ஒரு பக்கம்!"

"வந்து படிக்கேன்." புத்தகத்தைத் தண்ணீர்ப் பானைக்கு மேலிருந்த பலகையில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். சந்து திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நூலகத்தில் நான் எழுதிய எண்கள் எல்லாம் கோணலாகவே விழுந்தன.

வேலை முடிந்து வந்தபோது உம்மா சந்து முனையிலேயே நின்றிருந்தாள்.

"நீ மொதல்ல அவள வந்து பாரு. சாயங்காலத்துலேர்ந்து மூலையில இருக்கா. வாயத் தொறக்கல. கூப்பிட்டா காது கேக்கல. தன்னால சிரிக்கா! பக்கத்து வீட்டு மாமி, ஏதோ புடிச்சிருக்கு, ஓதி ஊதிப் பாருங்கன்னு சொல்லுதா."

"கையில என்ன வச்சிருக்கா?"

"உன் புஸ்தகந்தான். ஆனா படிக்கலளா. சத்தமே இல்ல."

நான் ஓடினேன். மூலையில், விளக்குக்கு அடியில், முழங்காலில் புத்தகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். உதடு கொஞ்சம் அசைந்தது, சத்தம் இல்லை. விரல் வரியின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னைக் கவனிக்காததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"நாலு முடிஞ்சிட்டு" என்றாள் கடைசியில், தலையைத் தூக்காமலே. "அஞ்சையும் நானே படிச்சிட்டேன். ஆறுல இருக்கேன். நீ எனக்குப் படிச்சுக் காட்டாதே."

"தெரியாத வார்த்தை வந்தா?"

"விட்டுட்டுப் போனேன். அது பின்னாலயே வந்துச்சு. அப்போ தெரிஞ்சிட்டு."

அந்த எழுத்தாளர் மட்டும் அந்த நேரம் எதிரே இருந்திருந்தால் காலைத் தொட்டிருப்பேன்.

வாப்பாவை நம்பவைப்பது வேறு கதை. மறுபடியும் அவரை மேலே கூட்டிவர எனக்குத் தைரியம் இல்லை. தங்கச்சியேதான் இரண்டு நாள் கழித்துக் கீழே இறங்கிப் போனாள், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் ஏணியில் நின்று கேட்டேன்.

"வாப்பா, ஒரு கத சொல்லட்டா?"

"ஒப்பிக்கப் போறியா?"

"இல்ல. சொல்லப் போறேன்."

சொன்னாள். புத்தகத்தின் வார்த்தைகள் இல்லை, எல்லாம் அவள் வார்த்தைகள். சில இடத்தில் முன்னதைப் பின்னால் சொன்னாள், சில இடத்தில் கையை ஆட்டிச் சொன்னாள். தையல் மெஷின் ஒன்று நின்றது. பிறகு மற்றதும் நின்றது. ஓடக்காரனின் தோளில் கிடந்த துண்டை வாத்து இழுத்துத் தண்ணீரில் போடுகிற இடம் வந்தபோது வாப்பா கத்தியைக் கீழே வைத்தார். அவர் சின்ன வயதில் எங்கள் ஊரில் வயற்காட்டில் வாத்து மேய்த்தவர்.

"சும்மா கத விடாதளா. வாத்து எப்படித் துண்ட இழுக்கும்? கோழின்னா கொத்தும். வாத்துக்கு மூக்கு தட்டையால்லா இருக்கு!"

"கொத்தல வாப்பா. கவ்விச்சு."

"எங்க கவ்விச்சு? நடுவுலயா? நடுவுல புடிச்சா வழுக்கிட்டுப் போயிரும்."

"இரிங்க, பாத்துச் சொல்லுதேன்." புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்துக்குப் போகவில்லை. நேராக நடுவில் பிரித்து, இரண்டு பக்கம் தள்ளி, விரலை ஓட்டித் தேடினாள். "இந்தா இருக்கு. துண்டோட ஓரத்துல நூல் பிரிஞ்சு தொங்கிட்டிருந்துச்சாம். அந்த நூலத்தான் கவ்விச்சு."

வாப்பா யோசித்தார். "நூல்னா சரிதான்" என்றார். "வாத்து நூலக் கண்டா விடாது. புழுன்னு நெனைக்கும். எழுதுனவனுக்கு வாத்தத் தெரிஞ்சிருக்கு." தைக்கிறவர்களில் ஒருவர், அன்று ஏணியில் நின்று சிரித்தாரே அவர்தான், "பொறவு என்னாச்சு பாப்பா?" என்று கேட்டார். தங்கச்சி, "அத நாளைக்குச் சொல்லுதேன், எட்டு இன்னும் படிக்கல" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறி வந்துவிட்டாள். அத்தியாயத்தை எங்கே முடிப்பது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க பெட்டியிலிருந்த பதினொன்றும் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாக வந்து போயின. எல்லாமே வாத்துக் கதை அளவுக்கு நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். இரண்டு, முடிவில் புத்திமதி சொல்லிக் கெடுத்துக்கொண்டன. தங்கச்சி அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவாள். தூங்குகிற கிணறு ஒன்றைப் பற்றிய கதை அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், இரண்டாம் தடவை படிக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். நான் போட்ட சட்டத்தை நானே எடுத்தேன். உம்மா மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை. சத்தம் வராவிட்டால் ஒட்டுகிற வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள். தங்கச்சி சிரித்தால், "என்னளா? என்ன போட்டிருக்கு?" என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் பதினொரு கதை தெரிந்துவிட்டது.

ஏப்ரலில் பரீட்சை. மே மாதம் முடிவு சொன்னார்கள். தமிழில் நன்றாகவே வாங்கியிருந்தாள். கணக்கில் நூலிழையில் தப்பித்தாள். மதிப்பெண் தாளை நான் வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். பாஸ் என்றால் மேலே படிக்க வைப்பேன் என்று அவர் ஒருநாளும் வாக்குக் கொடுக்கவில்லை. ஃபெயில் ஆனால் நிறுத்துவேன் என்று மட்டுமே சொல்லியிருந்தார். இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அஞ்சாவது எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"மாஹிம் பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துல. இங்க நாலோட சரி."

"மெயின் ரோட்டத் தாண்டணும்."

"ஆமா."

"பஸ்ஸு, லாரி எல்லாம் வரும்."

"ஆமா வாப்பா."

"யாரு கூட்டிட்டுப் போவா? எனக்குக் காலையில சரக்கு வரும்."

"நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு நாலு மணிக்குத்தான வேல."

மதிப்பெண் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "கையெழுத்து கிய்யெழுத்துன்னு என்னக் கூப்பிடாத. நீயே போட்டுக்கோ" என்றார். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டார். உம்மா, தங்கச்சிக்கென்று தன் பக்கத்தில் காலியாக வைத்திருந்த மணையைக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நல்ல மழை. நானும் தங்கச்சியும் ஒரே குடையில் போனோம். ஜன்னலில் இருந்த கிளார்க் சேர்க்கைப் படிவத்தைத் தள்ளினார். பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தில் நான் என் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "நீ யாரும்மா, டீச்சரா?" என்று கேட்டார். "இல்லை சார், அக்கா" என்றேன். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று அவரிடமே கேட்டேன். தாதரில் ஓர் ஆபீஸின் பெயரைச் சொன்னார். தங்கச்சியை வகுப்பில் விட்டுவிட்டு, மழை விடுவதற்குக் காத்திருக்காமல் தாதருக்கு ரயில் ஏறினேன். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று படிவம் வாங்கி, அங்கேயே மேஜை ஓரத்தில் வைத்து நிரப்பி, அந்த ஜன்னலிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.